பொம்மைக்கு விசா வராது: திருகோணமலையில் ஒரு பேய்ப்படம் எடுத்த கதை

கொலைகாரப் பொம்மைகளை வைத்துப் பேய்ப்படம் எடுத்தவள் என்று ஊருக்குள் பெயர் வந்த பிறகு, குறும்படம் எடுக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, மொத்தம் எவ்வளவு முடிஞ்சது?" கதை என்ன, கமரா என்ன என்பதெல்லாம் அப்புறம்தான். சரி, அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். 6 இலட்சம் ரூபாய்க்குள் முடிப்பது என்று கணக்குப் போட்டு இறங்கினேன். கல்யாண வீட்டு வீடியோ எடிட் செய்து சேர்த்தது 4 இலட்சம், சீட்டுப் பிடித்து எடுத்தது 2 இலட்சம். கடைசியில் நின்ற கணக்கு 11 இலட்சத்து 40 ஆயிரம். மேலதிகமாகப் போனதில் நடிகர்களுக்குப் போனது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மூன்று பொம்மைகளும் அவை இழுத்துவிட்ட வேலைகளும், பின்னால் சொல்லப் போகிற மற்ற அடிகளும் தின்ற காசு. என் சங்கிலி இன்னும் அடகில்தான் கிடக்கிறது. "இந்த இடத்தில் கவனம் பிள்ளை" என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. அடுத்ததாக இறங்கப் போகிறவர்களுக்காவது கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் ஊராகப் போய்ப் பொம்மலாட்டம் காட்டிய ஒரு கிழவர் இறந்துபோக, அவருடைய தகரப்பெட்டி பேத்தியின் வீட்டுக்கு வந்து சேர்கிறது. பெட்டிக்குள் ஒரு ராசா, ஒரு கோமாளி, ஒரு கிழவி. ராசாவின் கையில் வாள், கோமாளியிடம் பாக்குவெட்டி, கிழவியிடம் தேங்காய் துருவலை. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். கதையைக் கேட்ட எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்: "நல்ல யோசனை, பொம்மைக்குச் சம்பளமும் இல்லை, சாப்பாடும் இல்லை." உண்மை என்னவென்றால் ஒரு பொம்மைக்கு மூன்று சோற்றுப் பார்சல். தலையையும் ஒரு கையையும் பிடிக்க ஒருவர், மற்றக் கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். பிடிக்கிறவர்களுக்குத் தங்கள் பொம்மை திரையில் எப்படித் தெரிகிறது என்று தெரியாது, ஆகவே மொனிட்டரைப் பார்த்து "இடம், இன்னும் இடம், கண்ணைக் கீழே" என்று சொல்ல இன்னொருவர். மூன்று பொம்மைகளும் ஒன்றாக வருகிற காட்சியில் கமராவுக்குப் பின்னால் நின்றவர்களை விட மேசைக்குக் கீழே கிடந்தவர்கள் அதிகம். சாப்பாட்டுக்கு மட்டும் 1 இலட்சத்து 80 ஆயிரம் போனது.

பொம்மைகளைச் செய்வித்த கதையில் இருந்து தொடங்குகிறேன். முதலில் அம்பலாங்கொடைக்குப் போனேன். நூலில் ஆடும் பொம்மலாட்டத்துக்கு இலங்கையில் பேர்போன இடம் அது. அந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அங்கே ஒரு ராசா பொம்மையை 38 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் நூல் பொம்மை மேடைக்கென்று பிறந்தது. ஆட்டுவிக்கிறவர் மேலே நிற்க வேண்டும், அதற்கு ஒரு பாலம் வேண்டும், வீட்டுக் கூரைக்குக் கீழே அதற்கு இடம் கிடையாது. இன்னொன்று, நூலில் தொங்குகிற பொம்மை நின்ற பிறகும் ஆடும். மேடையில் அது ஒரு நளினம். குளோசப்பில் கொலை செய்ய வருகிற பொம்மை ஊஞ்சல் ஆடினால் சனம் சிரிக்கும். நூல் தெரியக்கூடாது என்று மீன் பிடிக்கிற நைலோன் தங்கூசியைக் கட்டிப் பார்த்தோம். பின்னால் இருந்து லைட் விழுந்ததும் தங்கூசி மின்னியது. கறுப்பு மார்க்கரால் பூசிப் பார்த்தோம், கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பாரம் ஏற ஏற அது இழுபட்டு, கை ஒரு அங்குலம் தாழ்ந்துபோனது. தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் ஆட்டுவிக்கிறவர் நூலைத் தன் தலையில் மாட்டிய வளையத்தில் கட்டிக்கொண்டு, பொம்மையின் கைகளைக் கம்பியால் ஆட்டுவார். அந்தக் கம்பி யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு நூலைக் கைவிட்டோம். ஆகவே முதல் பாடம்: கமராவுக்குப் பொம்மை செய்வதென்றால் முதுகில் ஒரு கட்டைக் கைப்பிடி, கைகளுக்குச் சைக்கிள் கம்பி, அவ்வளவும் போதும். நூல் கட்டுவதைக் கடைசியில், தூரக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோமாளியையும் கிழவியையும் ஊரிலேயே செய்வித்தேன். கோயில் வாகனங்கள் செய்கிற ஆசாரி ஒருவர் முள்முருக்கில் தலை செதுக்கித் தந்தார். பாரமில்லாத மரம், உளிக்கு இலகு. எல்லாம் முடித்தவர் கண்ணை மட்டும் வைக்க மறுத்துவிட்டார். "பிள்ளை, நான் கண் திறக்கிறது சுவாமிக்கு. கழுத்தறுக்கிற சாமானுக்குத் திறக்க மாட்டன்." வாகனத்துக்கோ விக்கிரகத்துக்கோ கடைசி வேலையாக நேரம் பார்த்துக் கண் திறக்கிற கை அது. நான் வற்புறுத்தவில்லை. கடையில் கண்ணாடிப் போளை வாங்கி, குழிக்குள் மெழுகு வைத்து நானே பதித்தேன். இது ஒரு இரவு வேலை என்று நினைத்தால் பல இரவுகள் போயின. காரணம், இரண்டு கண்ணும் நேரே பார்த்தால் பொம்மை எதையும் பார்க்காதது போல இருக்கிறது. கருவிழி இரண்டையும் மயிரிழை அளவு மூக்குப் பக்கம் திருப்பினால்தான் எதிரே நிற்கிற ஆளைப் பார்க்கிறது என்ற எண்ணம் வருகிறது. அப்புறம் கமரா லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லைட் கட்டாயம். அந்த வெள்ளைப் புள்ளி கண்ணில் விழாவிட்டால் எவ்வளவு நல்ல பொம்மையும் வெறும் மரம்தான். முகத்துக்கு எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். மினுங்கும், லைட்டில் நெற்றி வெளுத்துப்போகும். மினுக்கமில்லாத எமல்சன் அடித்து, மேலே கொஞ்சம் பவுடர் தட்டிவிட்டால் தோல் மாதிரி வரும்.

இனி ஆட்டுவிக்கிற சங்கதி. மட்டக்களப்பில் நாடகம் படித்த தம்பி ஒருவன் வந்து சேர்ந்தது என் அதிர்ஷ்டம். அவன் சொல்லித் தந்தது இது: பொம்மை அசைவதால் பயம் வருவதில்லை, அசையாமல் இருந்துவிட்டு மூச்சு விடுவதால் வருகிறது. கைப்பிடியை அரை அங்குலம் மேலே, அரை அங்குலம் கீழே, அவ்வளவுதான். கிழவி அலுமாரிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறாள், பேத்தி முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றுகிறாள், கிழவியின் சட்டை மெல்ல ஏறி இறங்குகிறது. துருவலையைக் கையில் எடுக்கவே இல்லை. படத்தைப் பார்த்த எல்லோரும் அந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள். வாளைச் சுழற்றி ராசா பாய்கிற காட்சிக்கு இரண்டு இரவும் கையில் வெட்டுக்காயமும் ஆயின. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆட்டுவிப்பவர்களை ஒளித்துவைக்கத் தரை உயர வேண்டும். வீட்டின் தரையில் ஓட்டை போட முடியாது. இங்கேதான் என் கல்யாண வீட்டுத் தொழில் கைகொடுத்தது. மணவறை மேடை போடுகிறவரிடம் பலகைகளை வாடகைக்கு எடுத்து, ஹோலுக்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு பொய்த் தரை போட்டோம். பலகைகளுக்கு இடையில் நாலு விரல் இடைவெளி, மேலே பாய், பாயில் பிளேட்டால் ஒரு கீறல். அந்தக் கீறலுக்குள்ளால் பொம்மையின் கைப்பிடி கீழே போகும். கமரா பலகை மட்டத்துக்குத் தாழ்ந்தால் கீறல் தெரியாது. வாடகை 18 ஆயிரம். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் எடுத்ததால் அந்த விலை. ஆவணி பிறந்த பிறகு அதே பலகைக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள், கொடுத்தேன்.

1989இல் வந்த பப்பட் மாஸ்டர் என்ற அமெரிக்கப் படத்தை இந்த வேலைக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதுவும் குறைந்த செலவில் எடுத்ததுதான், நேரே வீடியோ கசெட்டாக வெளிவந்தது. ஒரே தந்திரத்தை நம்பாமல் இருந்ததுதான் அதன் கெட்டித்தனம். சில இடங்களில் கம்பிப் பொம்மை, சில இடங்களில் ஒவ்வொரு பிரேமாக அசைத்து எடுத்த ஸ்டொப் மோஷன், ஒரு பொம்மைக்குச் சின்னஞ்சிறு தலையோடு உண்மையான மனிதக் கைகள். பல இடங்களில் பொம்மையே இல்லை, அதன் கண் உயரத்தில் கமரா மட்டும் ஓடும். இந்தக் கடைசித் தந்திரத்துக்கு நாங்கள் செலவழித்தது பூச்சியம். அந்த வீட்டுத் தரை மினுக்கின சிவப்புச் சீமெந்து. ஒரு சாரத்தை நாலாக மடித்து, அதன் மேல் கமராவை வைத்து, நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தோம். ஒரு நடுக்கம் கிடையாது. கதவுக்குக் கீழால் நுழைந்து, கட்டிலுக்கு அடியால் போய், தொங்குகிற காலடியில் நிற்கும். பொம்மை நடப்பதைக் காட்ட வேண்டிய இடங்களில் பாதியை இப்படியே முடித்தோம். திரைக்கதை எழுதும்போதே எந்தக் காட்சிக்குப் பொம்மை முழுதாகத் தேவை, எதற்குக் கை மட்டும், எதற்குப் பொம்மையின் பார்வை மட்டும் என்று பிரித்து எழுதிவிடுங்கள். என் அனுபவத்தில் மனிதர்கள் பேசுகிற காட்சி ஒரு மாலையில் மூன்று பக்கம் முடியும். பொம்மை நாற்காலியில் ஏறுகிற ஒரு வரிக்கு ஒரு இரவு போகும்.

வேகம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேகமாக ஆட்டினால் கை நடுங்கும், கம்பி தெரியும். ஆகவே மெதுவாக ஆட்டி, விநாடிக்கு 20 பிரேமில் பதிந்து, 25இல் ஓடவிட்டோம். அசைவில் ஒரு வெட்டு வந்தது, பொம்மைக்கு அது நன்றாகப் பொருந்தியது. மனிதர்கள் அதே பிரேமில் இருந்தால் அவர்கள் அசையக்கூடாது, அல்லது அவர்களும் மெதுவாக அசைய வேண்டும். மற்ற எல்லாக் காட்சிக்கும் 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒன்று. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சினிமா மாதிரி வேண்டும் என்று 24இல் போட்டு, ஷட்டரையும் 48இல் ஒன்று என்று வைத்தால் டியூப் லைட்டும் மலிவு எல்ஈடியும் திரையில் துடிக்கும், பட்டை பட்டையாகவும் ஓடலாம். எங்கள் கமராமன் கொழும்பில் இருந்து வந்தவர், முதல் இரண்டு இரவும் 24தான் என்று நின்றார். அந்த இரண்டு இரவும் குப்பைக்குப் போயின. வாடகைக் கமராவும் லைட்டும் சாப்பாடும் சேர்த்து இரவுக்கு 30 ஆயிரம் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு பிடிப்பதில் பட்டது தனிக்கதை. உவர்மலைக்கு ஏறுகிற பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. சொந்தக்காரர் கனடாவில், பார்த்துக்கொள்கிறவர் பக்கத்து வளவில். பார்த்துக்கொள்கிறவரிடம் 60 ஆயிரம் கொடுத்து எழுதி வாங்கினேன். பாதி வேலை நடக்கையில் சொந்தக்காரரின் தம்பி என்று ஒருவர் வந்து வாசலில் நின்று, வாடகை தனக்குத்தான் என்றார். அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்துக் கேட்டால், "ரெண்டு பேருக்கும் குடுங்கோ, எனக்குக் குடும்பச் சண்டை வேண்டாம்" என்கிறார். லைட் எல்லாம் பூட்டி வைத்திருக்கிறேன், பெடியன்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னொரு 40 ஆயிரம் எண்ணிக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உறுதியில் யார் பேர் இருக்கிறதோ அவரிடம் இருந்து ஒரு கடிதம், படமாக அனுப்பினாலும் போதும், கையில் இல்லாமல் ஒரு வயரையும் உள்ளே கொண்டு போகாதீர்கள்.

வீட்டைப் பிடித்ததும் அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து கதையுங்கள். இதை நான் பேய்ப்படத்துக்கு மட்டும் சொல்லவில்லை, நம் ஊரில் எந்தப் படத்துக்கும் சொல்வேன். முன் வீட்டு அம்மா ஒருவர் தேத்தண்ணி தந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார், அந்த வீட்டுக்காரர் 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது இந்தியாவுக்குப் போனவர்களாம், மூத்த பிள்ளை மட்டும் போய்ச் சேரவில்லையாம். எங்கள் கதையில் சுவரில் இருந்து மாலை போட்ட படம் ஒன்று விழுகிற காட்சி இருந்தது. அன்றிரவே அதை வெட்டிவிட்டேன். கனடாவில் இருப்பவர் படத்தைப் பார்க்கத்தானே போகிறார்.

அலறல் காட்சிக்கு வருகிறேன். இரவு ஒரு மணிக்குப் பேத்தியாக நடித்த பிள்ளை ஒரு அலறு அலறினாள், அருமையான அலறல். ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்க ரோச் வெளிச்சம். பொல்லோடு நாலு பேர், பின்னால் பெண்கள், கொஞ்ச நேரத்தில் பொலிஸ் ஜீப். கதவைத் திறந்தால் உடம்பெல்லாம் சிவப்பாக ஒரு பெண், பக்கத்தில் துருவலையோடு ஒரு மரக்கிழவி. விளக்கிச் சொல்லி அனுப்பிவைக்க விடிந்துவிட்டது. இந்த மண்ணில் இரவில் கேட்கிற அலறலுக்குச் சனம் பழைய ஞாபகத்தோடுதான் எழும்பி வருகிறது, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிராம சேவகருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, கையெழுத்தும் திகதியும் போட்ட பிரதியைக் கதவில் ஒட்டிவையுங்கள். அலறலைப் பகலில், காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிந்துகொள்ளலாம். இரவில் வாயை மட்டும் திறந்தால் போதும். சத்தம் பதிவதற்குக் காரை விட நல்ல அறை எங்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்குள் எந்த நேரமும் ஏதாவது ஒன்று: காகம், கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, நடுச்சாமத்தில் துறைமுகத்தில் இருந்து கப்பல் சங்கு. அந்தச் சங்கை மட்டும் படத்தில் வைத்துக்கொண்டோம்.

காலநிலை. ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது யன்னலெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, பேனையும் நிறுத்தி, கறுப்புச் சட்டையோடு பலகைக்கு அடியில் மூன்று பேர் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவனுக்குத் தலைசுற்றி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றம், தேசிக்காய்த் தண்ணியில் உப்புப் போட்டு ஒரு வாளி. இதெல்லாம் நேரம். நேரம் இழுபட இழுபட ஐப்பசி வந்தது, மழை வந்தது. தெற்கில் இருந்து வருகிறவர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு வைகாசி தொடங்கி ஆவணி வரை வறட்சி, ஐப்பசி தொடங்கினால் வடகீழ்ப் பருவமழை தை வரை விடாது. முற்றத்தில் எடுத்த முதல் பாதியில் புல் கருகிக் கிடக்கிறது, மற்றப் பாதியில் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. இரவுக் காட்சியாக மாற்றித்தான் தப்பினேன். ஈரத்தில் முள்முருக்கு ஊதி, கோமாளியின் தாடை இறுகி, வாயைத் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டது. மூட்டுகளில் மெழுகுதிரியைத் தேய்த்து, அரிசிப் பானைக்குள் இரவு முழுக்க வைத்து எடுத்தேன். அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுத் திட்டினார். "சோத்துப் பானைக்குள்ள பிசாசை வைக்கிற பொம்பிளைப் பிள்ளையை எங்க கண்டது?" வெளிக்காட்சிகளை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள், வேறு வழியில்லை.

இனித்தான் பெரிய அடி. கதாநாயகனாக நடித்த தம்பிக்கு நடுவில் கனடா விசா வந்துவிட்டது. யார் அவனைப் பிடித்து வைக்க முடியும்? அவனுடைய அம்மா கைபிடித்து, "பிள்ளை, உன் படத்தை முடிச்சிட்டுப் போகச் சொல்லுறன்" என்றார், ஆனால் டிக்கெட் போட்டாயிற்று. அவனுடைய முகம் தேவைப்பட்ட காட்சிகள் பாதி பாக்கி. முதுகையும் கையையும் காட்ட அவன் உயரத்தில் இன்னொரு பெடியனைப் பிடித்து, அவன் சட்டையை மாட்டி, கதையையும் மாற்றி, அவனை முன்கூட்டியே ராசாவின் வாளுக்குப் பலி கொடுத்தேன். இந்த வேலைக்கு மட்டும் 70 ஆயிரத்துக்கு மேல் கூடுதல் செலவு. நம் பகுதியில் இருபது வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட யாரை நடிக்க வைத்தாலும் முதல் கேள்வி, "எங்கேயாவது அப்ளை பண்ணியிருக்கிறீங்களா தம்பி?" என்பதாக இருக்கட்டும். மனித முகங்கள் வருகிற எல்லாவற்றையும் முதலில் எடுத்து முடியுங்கள், பொம்மைக் காட்சிகளைப் பின்னால் வையுங்கள். பொம்மைக்கு விசா வராது.

இரத்தம் பற்றிச் சுருக்கமாக. சீனிப்பாகில் சிவப்புக் கலரிங் போட்டுச் செய்வது மலிவு, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் விடிவதற்குள் வீடு முழுக்க எறும்பு, பலகைக்கு அடியில் கிடந்தவர்களின் சட்டைக்குள்ளும் எறும்பு. கலரிங் சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்கினால் கழுவிப் போகாது, அறை முழுதும் பெயிண்ட் அடித்துக் கொடுக்க 85 ஆயிரம் கேட்டார்கள். வாய்க்குள் போகாத இரத்தத்துக்குப் பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம் கலந்தால் கறை இலகுவாகப் போகும். சுவரில் தெறிக்க வேண்டிய இடத்தில் சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்த பிளைவுட் துண்டைச் சாத்தி வையுங்கள்.

டிரோன் ஆசை இருந்தால் மாதக்கணக்கில் முன்னாலேயே தொடங்குங்கள். சிவில் விமானத்துறை அனுமதி வேண்டும். கடற்படைத் தளமும் சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் இருக்கிற ஊரில் பாதுகாப்பு அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் டிரோனும் போய் நீங்களும் போக வேண்டிவரும். நான் அதை விட்டுவிட்டு, பிரடெரிக் கோட்டைக்குப் போகிற பாதையில் விடியற்காலை ஒரு காட்சி எடுக்கலாம் என்று கிழவியைக் கொண்டு போனேன். அங்கே திரிகிற மான்களுக்கு மனிதப் பயம் கிடையாது, பொம்மைப் பயமும் கிடையாது. லென்ஸ் மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஒரு புள்ளிமான் கிழவியின் தும்புக் கொண்டையை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது. துரத்தவும் மனமில்லை. படத்தின் இரண்டாம் பாதியில் கிழவி முக்காடு போட்டுக்கொண்டு வருவதன் காரணம் இதுதான்.

எடிட்டிங் என் தொழில் என்பதால் அங்கே சிரமம் வராது என்று எல்லோரும் நம்பினார்கள். கம்பியையும் கையையும் அழிக்க, பொம்மையும் ஆளும் இல்லாத வெற்றுப் பிரேம் ஒன்று ஒவ்வொரு காட்சிக்கும் வேண்டும். கமராவை அசைக்காமல், லைட்டை மாற்றாமல், பத்து விநாடி. எடுத்தோம். ஆனால் மின்சாரம் நின்று ஜெனரேட்டரில் ஓடிய இரவுகளில் லைட் துடித்தது, திரைச்சீலை காற்றில் அசைந்தது, வெற்றுப் பிரேம் பொருந்தவே இல்லை. அந்தக் காட்சிகளில் கம்பியைக் கையால் பிரேம் பிரேமாக அழித்தேன். கல்யாண வேலைகளைத் தள்ளிப்போட்டதால் போன வருமானத்தை நான் 11 இலட்சத்தில் சேர்க்கவில்லை. திரைச்சீலையை ஊசி குத்தி நிறுத்துங்கள், ஜெனரேட்டர் இரவுகளில் பற்றரி லைட் மட்டும் பாவியுங்கள்.

படம் முடிந்ததும் கொழும்பில் இருந்து ஒருவர் தொடர்புகொண்டார். வெளிநாட்டுத் தளங்களில் போட்டுத் தருவதாகச் சொல்லி, "பக்கேஜிங்" செலவுக்கு 75 ஆயிரம் கேட்டார். இனிமையான பேச்சு, என் படத்தைப் பற்றி என்னை விட அதிகம் தெரிந்தது போலப் பேசினார். காசு போனது, இரண்டு மாதம் "அடுத்த கிழமை" என்றார், அப்புறம் போன் வேலை செய்யவில்லை. படத்தை விற்றுத் தருகிறவர் விற்ற காசில் பங்கு எடுப்பார். முன்பணம் கேட்கிறவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள், காசையும் கொடுக்காதீர்கள். மண்டபத்தில் டிக்கெட் வைத்துத் திரையிடுவதென்றால் தணிக்கைச் சபை அனுமதி வேண்டும், அதற்கான நேரத்தையும் கணக்கில் எடுங்கள். அனுமதி எடுத்து ஊரில் மண்டபம் பிடித்து 300 ரூபாய் டிக்கெட்டுக்குக் காட்டினோம். செலவு போக 1 இலட்சத்து 30 ஆயிரம் கைக்கு வந்தது. கிழவி மூச்சு விடுகிற இடத்தில் முன் வரிசைப் பிள்ளைகள் கதிரையில் காலைத் தூக்கி வைத்தார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு எல்லாம் தகும் என்று நான் சொல்லப் போவதில்லை, சங்கிலிக்கு மாதாமாதம் வட்டி கட்டுகிறேன். ஆனால் சந்தோஷமாக இருந்தது.

இப்போது பொம்மைகளை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். தருகிறேன், ஆட்டுகிற பெடியன்களையும் சேர்த்து எடுத்தால் மட்டும். அவர்களுக்கு அரை நாளுக்கு ஆளுக்கு 2,500 ரூபாய், சாப்பாடு தனி, தேசிக்காய்த் தண்ணி கட்டாயம். அம்பலாங்கொடை ராசாவைத் தரமாட்டேன், அவர் அலுமாரி மேல் இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். கோமாளியின் தாடை மழைக்காலத்தில் இன்னும் இறுகுகிறது, ஆகவே ஐப்பசிக்குப் பிறகு கேட்டு வராதீர்கள்.